அமிலத்தில் ஊற்றிய தண்ணீர்

எனக்குக் கத்திப் பேசும் பழக்கம் இல்லை, இன்ஸ்பெக்டர். கடைசி மேசைக்குக் கேட்டால் போதும் என்றுதான் பேசுவேன். இந்தச் செலண்டார் ஊர்ப் பக்கத்துப் பள்ளியில் பதினேழு ஆண்டுகளாக வேதியியல் சொல்லித்தருகிறேன். கணேஸ்வரன் சார் அடித்தார், திட்டினார் என்று ஒரு பெற்றோர்கூடப் புகார் செய்ததில்லை.

உங்கள் அறிக்கையில் 'விபத்து' என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். தவறான விடையைத் திருத்தாமல் விட எனக்கு மனம் வராது. அதனால் வந்தேன்.

அமிலத்தை நீர்க்கச் செய்ய, தண்ணீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பாடம் இவ்வளவுதான். பலகையில் எழுதுகிறேன், நோட்டில் பத்து முறை எழுத வைக்கிறேன். ஆண்டுதோறும் பரீட்சையில் பாதிப் பேர் தலைகீழாக எழுதுகிறார்கள். அந்தத் தாள்களைத் திருத்திப் பார்த்தால்தான் உங்களுக்குப் புரியும்.

காரணம் தெரிந்ததுதான். எங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில், ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலம், அவர்கள் சொல்லும் 'அசிட்', இருக்கும். டப்பாவில் கொஞ்சம் அசிட்டை ஊற்றிவிட்டு, மேலே தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார்கள் அப்பாக்கள். அந்த அசிட் பொறுத்துக்கொள்ளும். கந்தக அமிலம் பொறுக்காது. இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அதிகம் சிரித்தவள் ஷாந்தினி. நாலாம் படிவம், பதினாறு வயது. மூன்று ஏக்கர் ரப்பர் தோட்டத்தில் சொந்தமாகப் பால் வெட்டும் வீராசாமியின் மகள்.

"எங்கப்பா இருபது வருஷமா அப்படித்தான் ஊத்துறாரு சார். மூஞ்சி நல்லாத்தானே இருக்கு லா."

"அந்த மூஞ்சிய நல்லாருக்குன்னு சொன்ன மொத ஆளு நீதான்டி," என்றாள் பக்கத்திலிருந்த ராகினி.

வகுப்பே மேசையைத் தட்டியது. நானும் புன்னகைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை செம்பு உப்பு தயாரிக்கும் சோதனை. வழக்கமாக அமிலத்தை நானே நீர்க்கச் செய்துதான் மேசையில் வைப்பேன். அன்று அடர் கந்தக அமிலத்தை அப்படியே குவளையில் எடுத்து வைத்தேன். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டதாக உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை.

எல்லாரையும் பாதுகாப்புக் கண்ணாடி போடச் சொன்னேன். ஷாந்தினி அதை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள். அதைப் பார்த்தேன். பிறகு மற்றவர்களைப் பின்மேசைக்குப் போகச் சொன்னேன். அவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. பார்த்தால் போதும்.

"நீயே நீர்க்கச் செய்யிறியாம்மா? எப்படின்னு தெரியுமில்ல?"

"இதுகூடத் தெரியாதா சார்?"

தண்ணீர்க் குவளையை எடுத்து, அமிலத்தின் மேல் சாய்த்தாள். நான் இரண்டு எட்டு தள்ளி நின்றேன். 'நிறுத்து' என்று ஒரு சொல் போதும். அவளே நினைவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவாள் என்று காத்திருந்தேன் என எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது உண்மையல்ல. அவள் நிறுத்தியிருந்தால் எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

பிறகு செய்ததெல்லாம் நூல்படிதான். அவள் கண்களைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவினேன். மலாக்கா மருத்துவமனைக்கு என் காரிலேயே கொண்டுபோனேன். வீராசாமி என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

நேற்று அவளைப் பார்க்கப் போனேன். இரு கண்களிலும் கட்டு. இடது கண் இனி இல்லை என்கிறார்கள். வலது கண்ணைப் பற்றி டாக்டர்கள் எதுவும் சொல்வதில்லை. என் குரல் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"தப்பு என்மேலதான் சார். ஒங்கள யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். தண்ணியிலதான் அசிட்ட ஊத்தணும். கொஞ்சம் கொஞ்சமா. சரிதானே சார்?"

"சரி," என்றேன்.

முழு மதிப்பெண். பதினேழு ஆண்டுகளில் எனக்கு இவ்வளவு மனநிறைவு தந்த மாணவி வேறு யாரும் இல்லை.