விசில் இல்லாத வெடி

எனக்குக் காது நன்றாகக் கேட்கும், சார். ஐம்பத்தொரு வயதில் அது சின்ன விஷயமில்லை. ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், கியர்பாக்ஸ் ஓடும் சத்தத்தைக் கேட்டே இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடுவேன். இன்னாசிமுத்து ஒதுக்கியதை யாரும் மறுபடி எடுத்து வைத்ததில்லை.

சினிமா எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். நம் பக்கத்துப் பிள்ளைகள் எடுக்கும் குறும்படங்களுக்குச் சம்பளமில்லாமல் ஒலிப்பதிவு செய்கிறேன். பெங்களூர் விழாக்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள்தான் ஓசூரிலேயே ஒரு திரைப்பட விழா தொடங்கினார்கள். இந்த வருடம் கல்யாண மண்டபத்து ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிப் படம் போட்டோம். நிற்க இடமில்லை. தமிழும் கன்னடமும் தெலுங்குமாக அந்தக் கூட்டம் கைதட்டியபோது நானும் எழுந்து நின்று தட்டினேன். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியான லிபியாவின் படத்துக்கு முதல் பரிசு. ஒலிப்பதிவைப் பற்றி மட்டும் நடுவர் ஐந்து நிமிடம் பேசினார், சார்.

பர்கூர் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் எடுத்த படம். அங்கே வேலை செய்த மாதப்பன், மாதப்பனாகவே நடித்தான். அவன் சட்டைக்குள் ஒரு சின்ன மைக் மாட்டிவிட்டு, நான் மேட்டில் ஹெட்போனோடு உட்கார்ந்துகொள்வேன். அவன் பள்ளத்திலிருந்து அண்ணாந்து பார்த்து, "கேக்குதாண்ணா?" என்பான். நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். அதன் பிறகுதான் உளியைத் தொடுவான். அந்தப் பழக்கம் எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது.

வெடிக்கு முன் குவாரியில் மூன்று விசில் ஊதுவார்கள். மூன்றாவதில் பள்ளம் காலியாகிவிடும். பிறகு, விசில் ஊதுகிற முனீஸ்வரனே சிவப்புக் கொடியை இறக்கினால் வெடியைப் பற்றவைப்பார்கள்.

விசில்தான் சிக்கல். விசில் கேட்டவனின் மூச்சு வேறு, கேட்காதவனின் மூச்சு வேறு. இரண்டு நாள் பதிவு செய்து பார்த்தேன். விசில், ஓடுகிற காலடிகள், பிறகு வெறும் பள்ளத்தில் ஒரு வெடி. கல்யாண ஊர்வலத்தில் விடுகிற வெடிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தேறாது என்று ஒதுக்கினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் லிபியா கேமராவோடு எதிர் மேட்டில் தூரத்தில் இருந்தாள். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் முனீஸ்வரனிடம் போய், இன்றைக்கு விசில் வேண்டாம், பதிவு கெட்டுவிடும் என்றேன்.

"ஊதாம எப்படிங்க சார்? கீழ யாராச்சும் இருந்தா?"

"எல்லா சத்தமும் என் காதுல விழுது. பள்ளம் காலின்னா கையத் தூக்கறேன். அப்பறம் கொடிய எறக்கு."

"உங்க காத நம்பி எறக்கறேன் சார்," என்றான்.

பிறகு உங்கள் ஸ்டேஷனில் விசாரித்தபோது, நான் அப்படி எதுவும் சொல்லவில்லை என்றேன். விசில் ஊத வேண்டியவன் ஊதவில்லை. அவன் பேச்சை யார் எடுப்பார்கள்? முனீஸ்வரன் ஐந்து மாதமாக உள்ளே இருக்கிறான். விழாவில் மாதப்பனின் மனைவி சரோஜம்மாளை முதல் வரிசையில் உட்காரவைத்தோம். அந்தக் காட்சி நெருங்கியதும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். நல்ல இடத்தைக் கேட்காமல் விட்டாளே என்று எனக்கு வருத்தம்தான்.

இன்னொரு விழாவுக்கு அனுப்ப லிபியா அசல் பதிவைக் கேட்டாள். படத்துக்காக நான் வெட்டியிருந்த ஒரு வார்த்தை அதில் இருந்தது. அழிக்க மனம் வரவில்லை. அதைக் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. அவள் படத்துக்காகத்தானே செய்தேன். ஒருநாள் புரிந்துகொள்வாள்.

மாதப்பன் சாவான் என்று நினைக்கவில்லை என எழுதச் சொல்கிறார் வக்கீல். அவனைப் பற்றியே நான் நினைக்கவில்லை, சார். அவனை மட்டும், மைக்கைக் கழற்றாமல் கீழேயே உட்கார்ந்து சாப்பிடச் சொல்லியிருந்தேன். என் நினைப்பெல்லாம் ஹெட்போனில் இருந்தது. டிபன் பாக்ஸ் மூடுகிற சத்தம். ஒரு ஏப்பம். காற்று. பயமே இல்லாத மூச்சு.

"கேக்குதாண்ணா?" என்றான்.

தெளிவாகக் கேட்டது. கையைத் தூக்கினேன்.