கங்கா ஸ்நானம்

வாஞ்சி, முதலில் அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல். தீபாவளி தாண்டிவிட்டால் எனக்குக் காற்று ஆகாது, உடனே மூக்கு அடைத்துக்கொள்ளும். நாற்காலி வேண்டாம். இப்போதெல்லாம் உட்கார்ந்தால் கால் பரபரக்கிறது. நின்றுகொண்டே சொல்கிறேன், நடுநடுவே ஜன்னல் வரைக்கும் போய்விட்டு வருவேன். இன்ஸ்பெக்டர் பாபு தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடு.

எனக்கு வங்காளி தண்ணீர் பட்ட பாடு. பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்த லேக் மார்க்கெட்டில்தான். பாங்க்கில் சீனியர் மானேஜராக ரிடையர் ஆகிறவரை அவர்களோடுதான் குப்பை கொட்டினேன். ஆனாலும் இதைத் தமிழில்தான் சொல்ல வரும். அதனால்தான் உன்னை அழைத்துவரச் சொன்னேன். நீ சர்க்கார் ஆபீசில் மொழிபெயர்க்கிறவன், எதிர் ஃபிளாட்காரன், ஜலஜா கையால் எத்தனையோ நாள் அடையும் அவியலும் சாப்பிட்டவன். உன் சௌகரியத்துக்காகப் புத்தகத் தமிழிலேயே நிதானமாகச் சொல்கிறேன். கூட்டாமல் குறைக்காமல் அவருக்குச் சொல்.

ஜலஜா காணாமல் போன கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தீபாவளியன்று விடியற்காலை நான் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் வாசல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். எழுபது வயசு, ஞாபக மறதி வேறு, கைப்பேசியையும் எடுத்துக்கொள்ளவில்லை. இதே ஸ்டேஷனில், இதே மேஜைக்கு எதிரே நின்று அப்படித்தான் சொன்னேன். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் பாபு எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷர்.

மறதி விஷயத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆடி முடிந்த கையோடு ஆரம்பித்தது. பீரோ சாவி அரிசி டின்னுக்குள் கிடக்கும். அடுப்பில் கொதிக்கிற சாம்பாரில் உப்பு இரண்டு மடங்காக இருக்கும். கரியாஹாட்டில் ஆசை ஆசையாக வாங்கிவந்த அரக்குக் கலர் தீபாவளிப் புடவை, வீடு பூராவும் தேடின பிறகு ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் கிடைத்தது. அன்றைக்கு அவள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதாள். "எனக்கு என்னமோ ஆறதுன்னா, என்னைத் தனியா விட்டுடாதீங்கோ" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் காய்கறி வாங்கப் போனால்கூட என் முழங்கையைப் பிடித்தபடிதான் வருவாள். நீயே பார்த்திருப்பாய். மாமாவும் மாமியும் புதுசாக் கல்யாணம் ஆனவா மாதிரி போறாளே என்று கேலி பண்ணினாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த இரண்டு மாதம்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நன்றாக இருந்தது.

அவள் போன மறுநாள் பெண் ஹம்சினி பெங்களூரிலிருந்து பறந்து வந்தாள். ஆஸ்பத்திரி, காளிகாட் கோயில் வாசல், முதியோர் இல்லங்கள் என்று அலைந்தோம். ஹவுராவில் ஒரு பிளாட்பாரம் விடாமல் போட்டோவைக் காட்டினோம். நானும் கூடவே போனேன். அவள் அங்கே இருக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்படியிருந்தும் கூட்டத்தில் அரக்குக் கலர் புடவை ஒன்று திரும்பினால் சட்டென்று ஹம்சினிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன். ராத்திரி படுத்தால் புரண்டு புரண்டு படுப்பேன், எழுந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பேன். கீழ்வீட்டு வங்காளி மாமி மித்ரா பௌதி, பாவம் அண்ணா எப்படித் தவிக்கிறார் பார் என்று ஹம்சினியிடம் சொன்னாளாம். தவித்தது உண்மைதான்.

காரியம் கெட்டது ஒரு டம்ளர் காபியால்.

நம் வீட்டில் காபிப்பொடி எப்போதும் சிக்கரி கலந்துதான் வாங்குவோம். ஜலஜாவுக்குச் சிக்கரி இல்லாவிட்டால் அது காபியே இல்லை. எனக்கு அந்தக் கசப்பு அறவே பிடிக்காது. கல்யாணமான புதிதில் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். "ஒரு வீட்டுக்கு ரெண்டு டிகாக்‌ஷனா? நன்னாருக்கே" என்றாள். அதோடு சரி. பாங்க்கில் நூறு பேர் என் கையெழுத்துக்குக் காத்துக்கிடப்பார்கள். வீட்டில் எனக்குப் பிடித்த காபி கிடையாது. ஹம்சினி வந்த மறுநாள் பொடி தீர்ந்துபோயிருந்தது. மார்க்கெட்டுக்குப் போனேன். அரைக்கிறவர் வழக்கம்போல சிக்கரி டப்பாவில் கையை வைத்தார். வேண்டாம், சுத்தமாகக் கொடுங்கள் என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை, வாஞ்சி. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

காலையில் நான்தான் கலந்து கொடுத்தேன். ஹம்சினி ஒரு வாய் குடித்தாள்.

"அப்பா, இது எப்போ அரைச்சது?"

"நேத்திக்கு. ஏன், நன்னாயில்லையா?"

"சிக்கரி போடலையே."

"இல்லை. ஒரு மாறுதலுக்கு."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். "நாளைக்கு அம்மா வந்துட்டா எதைக் குடிப்பா?" என்றாள்.

வேறு வாங்கினால் போச்சு என்று சொல்லியிருக்கலாம். அல்லது அப்பாவுக்கு மூளை குழம்பிக் கிடக்கிறதம்மா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கலாம். நான் பால் பாத்திரத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். அதற்கப்புறம் ஹம்சினி என் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. நேரே இங்கே வந்து, அப்பா மேல் சந்தேகம் என்று சொல்லியிருக்கிறாள். பெற்ற பெண். இன்ஸ்பெக்டர் பாபு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். காபிப்பொடி விவரத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். இதை வைத்து யாரைப் பிடிப்பது என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, டீ குடிக்கிறவர்.

அதாவது, நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த வழக்கு இத்தனை நேரம் அடங்கிப்போயிருக்கும். அதை நீ அவருக்கு அழுத்தமாகச் சொல்ல வேண்டும். என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானாக வந்தேன்.

ஏன் வந்தேன் என்றால், நேற்று மித்ரா பௌதி மாடிப்படியில் நின்று ஹம்சினியிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். உன் அம்மாவுக்கு மறதி என்று யார் சொன்னது, என் பேத்தியின் பிறந்தநாளை எனக்கு ஞாபகப்படுத்தினதே அவள்தான், அவள் நல்லபடியாகத் தப்பித்துப் போய்விட்டாள் என்றாள். தப்பித்து என்ற வார்த்தையைத்தான் சொன்னாள். சாயங்காலம் இன்ஸ்பெக்டர் பாபுவும் போனில் கூப்பிட்டு அதையே மரியாதையாகக் கேட்டார். உங்கள் மனைவி உங்களோடு இருக்கப் பிடிக்காமல் அவர் இஷ்டப்படி போயிருக்கலாம் இல்லையா, ஸார்?

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. இரவு முழுக்க நடந்துகொண்டே இருந்தேன். கோயிலில், சங்கத்தில், மார்க்கெட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்லப்போகிறார்கள். மாமி மாமாவை விட்டுட்டுப் போயிட்டாளாம், இந்த வயசிலே. என்ன அசிங்கம். அதனால்தான் விடிந்ததும் கிளம்பி வந்தேன். அவள் என்னை விட்டுப் போகவில்லை. அதை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளச் சொல்.

போகப் பார்த்தாள் என்பது வாஸ்தவம். ஆடி மாதம் ஒருநாள், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "தீபாவளி ஆனதும் நான் ஹம்சினியோட போய் இருக்கப்போறேன். நீங்க வரவேண்டாம். எனக்குக் கொஞ்ச நாளாவது என் இஷ்டத்துக்கு இருக்கணும்." சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. பால்காரன் நாளைக்கு வரமாட்டான் என்பதுபோலச் சொன்னாள். நான் அவளை ஒரு நாள் அடித்தது கிடையாது. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. நான் என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன். "குறையெல்லாம் ஒண்ணுமில்லேன்னா, அலுத்துப்போச்சு" என்றாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அப்புறம்தான் சாவியை அரிசி டின்னுக்குள் வைத்தேன்.

சாம்பாரில் உப்பைப் போட்டதும் புடவையை ஃப்ரிட்ஜில் வைத்ததும் நான்தான். அவளுக்கே தன் புத்தியில் நம்பிக்கை போய்விட்டால் எங்கும் போகமாட்டாள் என்று கணக்குப் போட்டேன். கணக்கு பாதி சரியாகத்தான் இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டாள் என்று சொன்னேன் அல்லவா? ஆனால் ஹம்சினி இருக்கிறாளே, அம்மாவுக்கு உடம்பு இப்படி இருந்தால் கட்டாயம் என்னிடம்தான் இருக்க வேண்டும், தீபாவளி முடிந்ததும் நானே வந்து அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஜலஜாவும், "அங்க போனா சரியாயிடும்னு தோணறது" என்று பெட்டியில் துணியை அடுக்க ஆரம்பித்தாள். மறதி என்று நான் பட்ட பாடெல்லாம் வீணாகப் போயிற்று.

அவளுக்கு ஒரு பழைய ஆசை உண்டு. தீபாவளியன்று ஊர் பூராவும் ஒருத்தரை ஒருத்தர் கங்கா ஸ்நானம் ஆச்சா என்று கேட்கிறோம். எல்லாம் குழாய்த் தண்ணீர்தான். கங்கை ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு ஒரு தீபாவளிக்காவது நிஜமாகவே போய் முழுகவில்லையே என்பாள். நான் ஒத்துக்கொண்டதே இல்லை. சேறு, கூட்டம், சளி பிடிக்கும். இந்த வருஷம் நானே கூப்பிட்டேன். அவளுக்கு நம்பவே முடியவில்லை. "நெஜமாவா? எப்பலேர்ந்து இவ்வளவு நல்லவரானேள்?" என்று சிரித்தாள். புதுப் புடவை கட்டிக்கொண்டாள்.

வங்காளிகளுக்குக் காளி பூஜை ராத்திரியில்தான். நம் தீபாவளி விடியற்காலை நமக்கு மட்டும்தான். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. வழியில் கிடைத்த டாக்ஸியில் போனோம். கங்கைக் கரையில் பாபுகாட்டுக்கு அப்பால் ஆள் புழக்கம் இல்லாத ஒரு சின்னப் படித்துறை. முந்தின வாரம் தண்ணீர் இறங்கியிருந்த நேரத்தில் நான் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். ஓரிடத்தில் படி உடைந்து, அதற்கப்பால் வெறும் ஆழம். நாங்கள் போனபோது தண்ணீர் ஏறி, எல்லாவற்றையும் மூடியிருந்தது.

மூக்குக்கண்ணாடி தண்ணீரில் விழுந்துவிடும், கொடு என்றேன். கழற்றிக் கொடுத்தாள். கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எதிரே நிற்கிற ஆள்கூடத் தெரியாது. என் குரலைக் கேட்டுக் கேட்டு இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, "போறுமான்னா?" என்றாள்.

"இன்னும் ஒரு படி இறங்கு, நன்னா முழுகலாம்."

"இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

நான் அவளைத் தொடவில்லை, வாஞ்சி. தள்ளவும் இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் நான் செய்தது. அது பொய் என்று எனக்குத் தெரியும், அவள் நீந்தமாட்டாள் என்றும் தெரியும். இதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல். வீட்டுக்கு வந்து ஈர வேஷ்டியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது நீ போன் பண்ணி, கங்கா ஸ்நானம் ஆச்சா மாமா என்று கேட்டாய். பேஷாக ஆச்சு என்றேன். நீ ஏன் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாய்? தண்ணீர் வேண்டுமானால் குடித்துக்கொள். இன்னும் கொஞ்சம்தான்.

இன்ஸ்பெக்டர் பாபுவுக்கு நீதான் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் பொய்க்காரன், இல்லாத வியாதியைக் கட்டிவிட்டேன் என்று நினைத்துவிடப் போகிறார். அது முழுக்கப் பொய்யும் இல்லை. தண்ணீருக்குள் போனவள் ஒரே ஒரு தரம் மேலே வந்தாள். கையை நீட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். ஏன்னா என்று கூப்பிடவில்லை. ராஜாராமன் என்று கூப்பிட்டாள். முழுசாக, உரக்க. எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, என் பெயரை அவள் ஒரு நாள் வாயால் சொன்னதில்லை. டாக்டர் கேட்டால்கூடத் திரும்பி ஹம்சினியைப் பார்ப்பாள், அவள்தான் சொல்லுவாள். அவருக்கு இதெல்லாம் தெரியாது, உனக்குத் தெரியும். நீயே சொல், வாஞ்சி, மறதி இல்லாத ஒருத்தி புருஷன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாளா?