சுரூபம் கறுக்கவில்லை

— கத்தாதீங்க, காது கிழியுது. பானை இங்கதான் இருக்கு, அடுப்படியில. ரெண்டு மணிக்கு இயேசுதாசன் வேனைக் கொண்டாந்து கோயிலுக்கு ஏத்திட்டுப் போவாப்ல. போதுமா?

— போதாது. பிரிஜட்டு, நல்லாக் கேளு. அந்த சிப்பி ஒரு ஆளு வாயில படக்கூடாது லா. ஒரு ஆளு வாயிலகூட.

— என்னங்க பேச்சு இது? நடுராத்திரி வரைக்கும் உக்காந்து ரெண்டு சாக்கு சிப்பியைத் தேச்சு, விடிஞ்சதும் ஓடு பிரிச்சு, தேங்காப்பால் ஊத்தி எறக்கி வச்சிருக்கேன். வயித்துல ஆறு மாசத்தை வச்சுக்கிட்டு. பெரிய வெள்ளியும் அதுவுமா வெளையாடுறீங்களா?

— இப்ராஹீமை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க.

— எந்த இப்ராஹீம்? உங்க கூட மீன் பண்ணையில இருக்காரே, அந்த அண்ணனா?

— அவர்தான். காலையில ஏழு மணிக்கு மிதவையில உக்காந்து இதே சிப்பியைத்தான் சம்பல் போட்டு ரொட்டியோட சாப்பிட்டார். கொஞ்ச நேரத்துல உதடு சுறுசுறுங்குதுன்னு சிரிச்சார். அப்புறம் வலைக்கயிறைப் பிடிச்சுக்கிட்டே, கையில கயிறு இருக்கறதே தெரியலப்பான்னார். பத்து மணிக்குக் காலு நிக்கல. படகுல ஏத்தும்போது பேச்சு வரல பிரிஜட்டு. கண்ணால என்னையே பாத்துக்கிட்டுப் போனார்.

— மாதாவே! நீங்க சாப்பிட்டீங்களா?

— நான் ஒருசந்தி விரதமில்ல? பச்சைத் தண்ணிதான். ரெண்டு வாய் சாப்பிடு, உங்க ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்னு அவரும் தட்டை நீட்டத்தான் செஞ்சார். வேணாம்னுட்டேன்.

— தோத்திரம். தோத்திரம் மாதாவே... ஆனா, ஏங்க, நான் ஒண்ணும் பாக்காம சமைக்கல. ஒரு சிப்பிகூட வாய் பொளந்து கெடக்கல, எல்லாம் உசுரோட இருந்துச்சு. கொதிக்கும்போது என் ஞானஸ்நானச் சங்கிலியில இருக்கே வெள்ளிச் சுரூபம், அதைப் போட்டுப் பாத்தேன். எங்கம்மா அப்படித்தான் பாக்கும். விஷம்னா கறுத்துரும்ல? பளபளன்னு போட்டது போட்டபடி வந்துச்சு.

— இது வெள்ளிக்குத் தெரியாத விஷம். கவர்மென்ட் ஆபீசர் வந்திருக்கார், குப்பி குப்பியா தண்ணி எடுத்துட்டுப் போறார். அவர்தான் சொன்னார். ஜனவரியிலருந்து மழை இல்ல. கடல் கடலாவே இல்ல பிரிஜட்டு, கையை விட்டா குளிக்கக் காய்ச்சி வச்ச தண்ணி மாதிரி இருக்கு. அந்தச் சூட்டுல கண்ணுக்குத் தெரியாத பாசி ஒண்ணு பெருகிக் கெடக்காம். மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்து பொளந்து செத்தது அதனாலதானாம்.

— சிப்பி சாகலையே?

— அதுதான் கொடுமை. சிப்பி சாகாதாம். அந்தப் பாசியைக் குடிச்சுக் குடிச்சு, விஷத்தை உள்ள வச்சுக்கிட்டு நல்லா இருக்குமாம். தின்னவன்தான் போவான். வேக வச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது. அக்கரைக் கம்பத்துல, அந்த மீன்பிடிக் குப்பத்துல, சனங்க வேற மீன் கெடைக்காம ஒரு மாசமா சிப்பியைத்தான் பொறுக்கித் தின்னுட்டு இருக்காங்க. அவங்களுக்குச் சொல்ல இப்பத்தான் படகு போகுது.

— நேத்து நீங்கதானே சொன்னீங்க! ‘கூண்டுல நானூறு கொடுவா மீன் செத்து மிதக்குது, சிப்பி மட்டும் கயிறு கயிறாக் கொழுத்துத் தொங்குது, நம்ம பிள்ளைக்காகக் கடவுள் கொடுத்தது பிரிஜட்டு’ன்னு?

— சொன்னேன். இந்த வாயிலதான் அடிக்கணும்.

— கஞ்சிக்குத் தொட்டுக்கச் சிப்பி, சவரிராஜ் வீட்டு உபயம்னு உங்க பேரைச் சொல்லி சாமியார் ஞாயித்துக்கிழமைப் பூசையிலயே சொல்லிட்டாருங்க. இப்ப வெறும் கஞ்சியை நீட்டினா ஆளாளுக்கு என்ன பேசுவாங்க?

— பேசட்டும். நூத்தம்பது பேரு சிலுவைப்பாதை முடிச்சு, காஞ்ச வயித்தோட வரிசையில நிப்பாங்க. அத்தனை பேரும் இப்ராஹீம் பாத்த மாதிரி என்னைப் பாத்தா நான் எங்க போய் நிப்பேன்? நான் குவீன்ஸ்டவுன்ல நம்ம வீட்டுக்கு வந்து சேர ரெண்டு பஸ் மாறணும், அதுக்குள்ள வேன் வந்துரும்னுதான் படகுத்துறைக் கடை போன்ல நின்னு கத்துறேன். அடுப்படிச் செவுத்துல இருக்கற குப்பைக் குழாய்ல கொட்டு, நேரா கீழ போயிரும். இப்பவே கொட்டு.

— அவ்வளவையுமா?

— ஒரு சிப்பி மிச்சமில்லாம.

— சரி, இருங்க. போனைக் கீழ வைக்கிறேன்.

— கட் பண்ணிராதே! நான் இங்கயே நிக்கிறேன்... பிரிஜட்டு?... பிரிஜட்டு, கேக்குதா?... ஆண்டவரே... பிரிஜட்டு!

— ம்... கொட்டிட்டேன். பாதியில பானை கை நழுவிருச்சுங்க. அடுப்படியெல்லாம் தேங்காப்பால்.

— அடிபட்டுச்சா?

— இல்ல. என்னமோ கையில பெலமே இல்ல.

— இருக்கட்டும், தரையை அப்புறம் கழுவிக்கலாம். பக்கத்து வீட்டு நூருன்னிசா அக்காவுக்கு ஏதாச்சும் குடுத்தியா?

— சாயந்திரம் குடுக்கலாம்னு இருந்தேன். இன்னும் குடுக்கல.

— உப்புப் பாக்கச் சொல்லி யாருக்காச்சும்?

— யாருக்கும் குடுக்கலைங்க. உப்பு எனக்கு வாசத்துலயே தெரியும்.

— அப்பாடி! என் உசுரு இப்பத்தான் வந்துச்சு. அழுதுட்டேன் பிரிஜட்டு, கடைக்காரர் என்னையே பாக்குறார். நீ என்னைத் திட்டினே, ஞாபகம் இருக்கா? வயித்துப்பிள்ளைக்காரிக்கு ஒருசந்தி வேணாம்னு சாமியாரே சொல்லிட்டார், நீங்க என்ன பெரிய சாமியாரான்னு. நான்தான் விடல. எழுபத்தெட்டாம் வருசம் கலியாணம் ஆகி, மொதல் ரெண்டும் தங்கல, இதுக்காச்சும் ரெண்டு பேரும் சேந்து வயித்தைக் கட்டுவோம்னேன். பாத்தியா? அந்த வேண்டுதல்தான் இன்னிக்கு நம்ம மூணு பேரையும் காப்பாத்துச்சு.

— ஏங்க... கோவப்பட மாட்டீங்கல்ல?

— எதுக்குக் கோவம்? இப்பப் போயி யாராச்சும் கோவப்படுவாங்களா? நீ ஏன் நாக்கு தடிச்ச மாதிரி பேசுறே? பசியா?

— பசி இல்லீங்க. பசி... பன்னெண்டு மணிக்கே போயிருச்சு.

— என்ன சொல்றே?

— பிள்ளை உதைச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. கண்ணு இருட்டுச்சு. சிப்பி வாசம் வேற. ஒரு தட்டு சோறு போட்டு... உங்களுக்குத் தெரிய வேணாம், பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.

— பிரிஜட்டு!

— மொளகாய் கூடிப் போச்சு, அதான் உதடு காந்துதுன்னு நெனச்சேன்.

— கதவைத் தெற! நூருன்னிசா அக்காவைக் கூப்பிடு, ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொல்லு. போனைப் போட்டுட்டு ஓடு பிரிஜட்டு, என்கூடப் பேசிட்டு நிக்காதே!

— கூப்பிடணுங்க... எந்திரிக்கணும்... என் கையில போன் இருக்கறதே தெரியலீங்க.