பின்னால நின்னவ

இல்லீங்க சார், அவரு பொய் சொல்லல. வெர்ஹாகன் வாத்தியாருக்குப் பொய் சொல்ல வராது. நெசமாவே அடையாளம் தெரியல, அதான் உள்ள கெடக்குற பொணம் வேர்லெ இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. பதினோரு வருசமா வாரம் தவறாம அவ உடம்பைக் காட்டிப் பாடம் நடத்துனவருக்கே தெரியல, பின்னால நின்ன உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்குறீங்க. நியாயந்தான். கேக்க வேண்டியதுதான்.

உக்காரட்டுமா. இல்ல, மயக்கம்லாம் ஒண்ணுமில்ல. உள்ள போயிப் பாத்தப்பவும் எனக்கு ஒண்ணும் ஆகல, நீங்கதான் கையைப் புடிச்சுக்கிட்டீங்க. காப்பி வேணாம். சரி, குடுங்க, கையில வெச்சிருக்கேன்.

எம் பேரு ஒடெத் ங்காலுலா. ங்கா, லு, லா. ஆமா, அப்படித்தான். பொறந்தது காங்கோல, கனங்கா. ஒம்போது வயசுல எங்கம்மாவோட இந்தக் கெண்ட் ஊருக்கு வந்தேன், இப்ப அம்பத்திரண்டு. காலைல மூணு வீட்ல சுத்தம் பண்ற வேலை. வியாழக்கெழமை சாயங்காலம் ஆறுலேருந்து ஒம்போது வரைக்கும் அந்த ஓவியப் பள்ளிக்கூடத்துல மாடல். வேர்லெயும் அங்க மாடல்தான். அவ படுத்துருப்பா, நான் நிப்பேன்.

அப்படித்தான் சார், வேற எப்படிச் சொல்றது. வாத்தியாருக்குப் பழைய காலத்துப் படங்க மேல உசுரு. வெளக்கை அணைச்சுட்டுத் திரையில ஒண்ணொண்ணாப் போட்டுக் காட்டுவாரு. கட்டில்ல ஒரு வெள்ளைக்காரி துணியில்லாமப் படுத்துருப்பா. அவரு வாயில அம்மணம்னு வராது, நிர்வாணம்னுதான் வரும். பள்ளிக்கூடத்துல இருந்தா நிர்வாணம், வீட்ல இருந்தா அம்மணம், அவ்வளவுதான் வித்தியாசம்னு வேர்லெ சொல்லுவா. அந்த வெள்ளைக்காரிக்குப் பின்னால ஒரு கறுப்பி நிப்பா. அவளுக்குத் துணி உண்டு. தலையில மஞ்சத் துணி, கையில தட்டு, இல்லாட்டி பூங்கொத்து. எந்த ஊருக்காரன் வரைஞ்ச படமா இருந்தாலும் அவ பின்னாலதான். முன்னால படுத்துருக்கறவ இன்னும் வெளுப்பாத் தெரியணும்ல, அதுக்குத்தான் இவளை நிக்க வெக்கிறதுன்னு அவரே சொல்லுவாரு. ஒளிவு மறைவெல்லாம் கெடையாது. நல்ல மனுசன். கிறிஸ்துமஸுக்கு எனக்கும் அவளுக்கும் ஒரே அளவு சாக்லேட் டப்பாதான் குடுப்பாரு.

அந்த மஞ்சத் துணியை நான் வேற எங்கயும் கட்டுனதில்ல. எங்கம்மாவும் கட்டுனதில்ல. பள்ளிக்கூடத்து அலமாரியில மடிச்சு இருக்கும், வந்து கட்டிக்குவேன்.

வரேன் சார், கைக்குத்தான் வரேன். இவ கை செவந்து வெடிச்சுக் கெடக்கு, வேலைக்காரி கை மாதிரி, வேர்லெ கை மெழுகு மாதிரி இருக்கும்னுதானே வாத்தியார் உங்ககிட்டச் சொன்னாரு. சார், வேர்லெக்கு சூப்பர் மார்க்கெட்ல மீன் பிரிவுல வேலை. விடிஞ்சும் விடியாம ஐஸ்ல கையை விட்டான்னா மதியம் வரைக்கும் ஐஸ்தான். வாடை போகணும்னு எலுமிச்சம்பழத்தைத் தேச்சுட்டு வருவா, வெடிச்ச எடத்துல அது வேற எரியும். மொத வருசமே வாத்தியார் அதைப் பாத்தாரு. பட்டுத் துணி ஒண்ணை எடுத்துட்டு வந்து கை மேல அழகாப் போட்டு விட்டாரு. அன்னிலேருந்து வாரா வாரம் அந்தத் துணி. நடுவுல நழுவி விழுந்தாக்கூட யாரும் செவப்பா வரைய மாட்டாங்க. அப்படிப் படுத்துருக்கறவளுக்கு அப்படி ஒரு கை எப்படி இருக்கும். அவ வேலை வெட்டி இல்லாதவ, பட்டப்பகல்ல படுத்துக் கெடக்குறவ, எவனாவது வருவான்னு காத்துட்டு இருக்கறவ. படத்துல அவ அதுதான். பதினோரு வருசமா அதையே பாத்துட்டு, இன்னிக்கு உள்ள அந்த டியூப்லைட் வெளிச்சத்துல இந்தக் கையைப் பாத்தாரு. அவருக்குத் தெரியல. வெளிய வந்தப்போ கண்ணு கலங்கியிருந்துச்சு, நீங்க கவனிச்சீங்களா. சந்தோசத்துல சார். நம்ம வேர்லெ இல்லன்னு.

முகம் எனக்கு வேண்டியதில்ல. தண்ணில கெடந்தப்போ மதகுக் கதவுல மோதிச் சிதைஞ்சு போச்சுன்னு சொன்னீங்க, சரி. நான் நிக்கிற எடத்துலேருந்து அவ முகம் எப்பவும் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். மத்ததெல்லாம் தெரியும். எழுதிக்குங்க. ரெண்டு கால்லயும் ரெண்டாவது வெரலு கட்டை வெரலை விட நீளம். குடல்வாலு எடுத்த தழும்பு, கீழ வரவரக் கோணலாப் போகும். வலது தோள்ல மூணு மச்சம், மூணும் ஒரே கோட்டுல. எடது கெண்டைக்கால்ல நரம்பு முடிச்சு, நாளெல்லாம் நின்னு நின்னு வந்தது. ரெண்டு மணி நேரம் ஆடாம அசையாம நிக்கணும்னா எதையாவது பாத்துக்கிட்டு நிக்கணும்ல. நான் அதைத்தான் பாத்தேன்.

சிநேகிதியான்னா, ஆமான்னுதான் வெச்சுக்குங்களேன். ஆரம்பத்துல இல்ல. குட் ஈவினிங், குட் நைட், அவ்வளவுதான். ஆறு வருசத்துக்கு முன்னால ஒரு நாள், எனக்கு முதுகு வலிக்குது, இன்னிக்கு ஒடெத் படுக்கட்டும், நான் நிக்கறேன்னு வாத்தியார்கிட்டச் சொல்லிட்டா. வலியெல்லாம் இல்ல, சும்மா சொன்னா. அவரும் புதுசா இருக்குமேன்னு சரின்னுட்டாரு. நான் துணியைக் கழட்டிட்டுப் படுத்தேன். அவ தட்டுல ஆப்பிளை வெச்சுக்கிட்டுப் பின்னால நின்னா. அந்த மஞ்சத் துணியை மட்டும் அவளுக்குக் கட்ட விடல, அது அவளுக்குச் சரியா வராதுன்னுட்டாரு.

முடிஞ்சதும் சுத்தி வந்து எல்லாப் படத்தையும் பாத்தோம். பதினாலு பேரு வரைஞ்சது. நான் படுத்துருந்தது வெள்ளைப் போர்வையில சார். நாலு பேரு அதைச் சிறுத்தைத் தோலாக்கி வெச்சிருந்தாங்க. ஒருத்தரு பின்னால வாழை இலை போட்டுருந்தாரு. என் ஒதடும் இடுப்பும் எனக்கே அடையாளம் தெரியல. கையில இங்க பாருங்க, இஸ்திரிப் பொட்டி சுட்ட தழும்பு, இதை மட்டும் யாரும் விடல, கரியால அழுத்தி அழுத்திப் போட்டுருந்தாங்க. பேங்க்ல வேலை பாக்குற அம்மா ஒருத்தங்க, ரொம்ப நல்லவங்க, இது உங்க கூட்டத்துக்குன்னு போடற அடையாளமான்னு கேட்டாங்க. இஸ்திரிப் பொட்டின்னு சொன்னேன். அவங்களுக்குக் கொஞ்சம் ஏமாத்தமாப் போச்சு.

வேர்லெ அந்தப் படங்கள்ல எப்படி வந்துருந்தான்னு கேளுங்க. வீட்டுக்காரம்மா மாதிரி. இந்தப் பொம்பளை ஏன் நம்ம கட்டில்ல படுத்துருக்கான்னு பாக்க வந்தவ மாதிரி. ரெண்டு மணி நேரம் தட்டைத் தூக்கிட்டு நின்னா, பதிமூணு படத்துல தட்டைக் காணோம். ரிக் படத்துல மட்டும் இருந்துச்சு. ரிக் டிராம் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. அவருக்கு வரையவே வராது, காலு வரைஞ்சா மரக்கட்டை மாதிரி இருக்கும். ஆனா தட்டு இருந்துச்சு. தட்டுல ஆப்பிள் ஏழு. நான் எண்ணிப் பாத்தேன், ஏழுதான்.

அன்னிக்குத் துணி மாத்துற ரூம்ல, அம்மணி, இந்தத் தட்டை எங்க வெக்கட்டும்னு கேட்டா. அப்படிச் சிரிச்சோம். அதுக்கப்பறம் நான் மரவள்ளிக் கீரை செஞ்சு கொண்டு வருவேன், அவ கடையில மிஞ்சுன மீனைப் பொரிச்சுக் கொண்டு வருவா. எங்க பாஷைல அக்காவை யாயான்னு கூப்புடுவோம். அவளும் யாயான்னே கூப்புட ஆரம்பிச்சா. அவ வாயில அது ஒரு மாதிரியா வரும்.

குந்தரா, அவ புருசனா. பாத்திருக்கேன், ஒரு தடவை, தெருவுல. லாரி ஓட்டுறான். பெருசா ஒண்ணும் தெரியாது, கை குலுக்குனான். அவன்தானே உங்ககிட்ட போன்ல சொன்னான், வேர்லெ ஆஸ்டெண்ட்ல அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கான்னு. அதனாலதானே இது வேர்லெயா இருக்காதுன்னு நீங்களும் நெனச்சீங்க. இவ கோட்டுப் பையில பள்ளிக்கூடத்து அலமாரிச் சாவி மட்டும் இல்லாட்டி எங்களைக் கூப்பிட்டிருக்கவே மாட்டீங்க. சார், அவளுக்கு அக்கா கெடையாது. தங்கச்சியும் கெடையாது. ஒத்தைப் புள்ள. எழுதிக்குங்க.

மூணு வருசமா அவ ஒடம்புல கன்னிப்போன தடம் பாக்கறேன். மொதல்ல விலாவுல, உள்ளங்கை அகலத்துக்கு, மஞ்சளும் பச்சையுமா. சைக்கிள்லேருந்து விழுந்துட்டேன்னா. இந்த ஊர்ல யாருதான் விழல, சரின்னு விட்டேன். அப்பறம் இடுப்புல. அப்பறம் தொடையில. எல்லாத்துக்கும் சைக்கிள்தான்.

பாக்காம இருப்பாங்களா சார். பதினாலு பேரு, ரெண்டு மணி நேரம், ஒரு கண்ணை மூடிக்கிட்டு பென்சிலை நீட்டி நீட்டி அளக்குறாங்க. பாத்தாங்க. பேப்பர்லதான் வரல. பேப்பர்ல எல்லாம் பால் மாதிரி இருக்கும். என் கையில இஸ்திரிப் பொட்டி சுட்டது அத்தனை பேரு கண்ணுலயும் பட்டுச்சு. எனக்கு அது இருக்கலாம் போல. அவளுக்கு இருக்கக் கூடாது. கெட்டவங்கன்னு சொல்லல. அப்படிப் பாத்தே பழகிட்டாங்க.

ரெண்டு வருசத்துக்கு முன்னால ரிக் மட்டும் அவ ஒடம்புல இருந்த ஒரு தடத்தை வரைஞ்சாரு. கையில மேப்பக்கம், நாலு வெரலு புடிச்ச மாதிரி. வாத்தியார் பின்னால வந்து நின்னு பாத்தாரு. ரிக், இது நெழலு, கண்ணுல பட்டதையெல்லாம் போடக் கூடாது, எது வேணும்னு தேர்ந்தெடுக்கணும்னாரு. நெழலு நாலு வெரலாவா விழும்னு ரிக் கேட்டாரு. யாரோ இருமுனாங்க. வேர்லெ அப்படியே படுத்துருக்கா, அசையக் கூடாதே. அப்பறம் ரிக் ரப்பரை எடுத்து அழிச்சாரு. அழிச்ச எடத்துல பேப்பரு கிழிஞ்சு போச்சு. அந்த டெர்மோட அவரு வரதை நிறுத்திட்டாரு.

நீங்க சொல்றது புரியுது. முகத்தைத் தவிர ஒடம்புல அடிபட்ட அடையாளம் எதுவும் இல்ல, கழுத்துல ஒண்ணும் இல்ல, தானா விழுந்துருக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்போதைக்கு மேலாப் பாத்ததுதான், பரிசோதனை இன்னும் பண்ணல. சரி.

அதைத்தான் சொல்ல வந்தேன்னு நெனக்கிறேன்.

ரிக் வரைஞ்ச அன்னிக்கு துணி மாத்துற ரூம்ல அவ ரொம்பப் பயந்துட்டா. இந்த வேலை போயிருமோன்னு. வாரத்துல அந்த மூணு மணி நேரம்தான் புருசன் இல்லாத எடம். தையல் கிளாஸுன்னு சொல்லிட்டு வருவா. அதனால நான் போயி ஒரு டப்பா வாங்குனேன். நாடகத்துல நடிக்கிறவங்க பச்சை குத்துனதை மறைக்கப் போடறது, மாவு மாதிரி கெட்டியா இருக்கும். இந்த நெறம் இல்ல, நல்ல வெளுப்பா வேணும்னேன். உங்க வீட்டம்மாவுக்கான்னு கடைக்காரப் பொண்ணு கேட்டா. ஆமான்னேன். அதுலேருந்து வியாழக்கெழமை ஆனா அஞ்சே முக்காலுக்கு நான்தான் போட்டு விடுவேன். ரெண்டு வருசம். நல்லாப் போடுவேன் சார். பக்கத்துல வந்து பாத்தாலும் தெரியாது.

போன வியாழக்கெழமை கழுத்துல இருந்துச்சு. ரெண்டு பக்கமும். சைக்கிள்னு கூடச் சொல்லல. ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு, யாயா, இன்னிக்குப் போடாத, பாக்கட்டும்னா. பதினாலு பேரும் பாக்கட்டும், எவனாவது ஒருத்தன் வரையட்டும்னா.

நான் டப்பாவைத் தொறந்துட்டேன். ஆறாகப் போகுது, தலையைத் தூக்குன்னேன். தூக்குனா. போட்டேன்.

ஏன்னு கேட்டா எனக்கும் தெரியல சார். நானும் மூணு நாளாக் கேட்டுப் பாக்கறேன். கை பழகிப் போச்சு. வேற ஒண்ணும் இல்ல. ஒம்போது மணிக்குக் கோட்டு போட்டுக்கிட்டா, சைக்கிளை எடுத்துட்டுப் போனா. நீங்க அவளைத் தண்ணிலேருந்து எடுத்தது சனிக்கெழமை காலைல.

தண்ணில போகாது அது. டப்பாவுலயே எழுதிருக்கு. டாக்டரைக் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தொடைக்கச் சொல்லுங்க, சமையல் எண்ணெயே போதும். காதுக்குக் கீழேருந்து ஆரம்பிக்கணும். வலது பக்கம் கொஞ்சம் தடிப்பாப் போட்டுருக்கேன்.