மின்பெட்டிக்குப் பின்னிய பச்சைக் கம்பளி

பெயர் துன்யா வுகிசெவிச், வயது 14, தகப்பனார் பெயர் ராஸ்த்கோ, எட்டாம் வகுப்பு மாணவி, விலாசம் சச்சாக் நகரம், ஆற்றங்கரைத் தெரு, நான்காம் எண் குடியிருப்பு, இரண்டாம் மாடி. தாயார் உடனிருக்க, விசாரித்தபோது சொல்வதாவது:

நான் மேற்படி விலாசத்தில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். என் தகப்பனார் மின்சாதனங்களுக்குத் தீக்காப்புப் பெட்டிகள் வடிவமைக்கிறார். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் உள்ள மின்பெட்டியும் அவர் வடிவமைத்ததே. உள்ளிருக்கும் சூடு வெளியேற அதன் கதவில் காற்றுத் துளைகள் உண்டு. துளைகளின் உட்புறம் ஒட்டியுள்ள பட்டை, தீப்பிடித்தால் ரொட்டி மாவு போல் உப்பித் துளையை அடைத்துவிடும். காற்றில்லாமல் தீ அணைந்துவிடும். அப்பா ஒரு துண்டுப் பட்டையை எங்கள் சமையலறை அடுப்பில் சுட்டு இதை எனக்குக் காட்டியிருக்கிறார். அன்று அடுப்பைத் தேய்த்துக் கழுவியதும் அவரே.

அந்தப் பெட்டிக்கு எதிர் வீட்டில் வசிக்கும் திருமதி தெசாங்கா எங்கள் படிக்கட்டைப் பராமரித்து வருகிறார். உறவில்லை என்றாலும் நான் அத்தை என்றே கூப்பிடுவேன். நான் ஈரத் தலையுடன் இறங்கினால், "மூளைக்காய்ச்சல் வரணும்னு ஆசையாடி உனக்கு?" என்று திருப்பி அனுப்புவார். எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள் திறந்திருக்கும் அறையில், குறுக்குக்காற்று பட்டால் நோய் வரும் என்று அவர் உட்கார மாட்டார். எங்கள் ஊரில் பலரும் அப்படித்தான்.

சென்ற சனிக்கிழமை எல்லா வீடுகளிலும் குளிர்காலத்துக்கு விழுதாக்கி வைக்கச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தோம். மின் அடுப்புகள் எல்லாம் காலை முதல் ஓயவில்லை. மதியம் மின்சாரம் நின்றது. அதன் பிறகு நானும் அப்பாவும் இறங்கிப் பார்த்தபோது மின்பெட்டியின் கதவு கறுத்து, புகை வந்துகொண்டிருந்தது. தீ வெளியே வரவில்லை. பக்கத்தில் நிறுத்தியிருந்த குழந்தை வண்டியின் துணிகூடப் பொசுங்கவில்லை. கதவு ஆறிய பிறகு அப்பா மேல் துளைகளிலிருந்து எதையோ பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நுனி வெளியே தெரிந்தது. பாசிப்பச்சைக் கம்பளி, ஓரத்தில் சிவப்பு இழை. அதே நூலில் தெசாங்கா அத்தை பின்னித் தந்த காலுறைகளை நான் அப்போது போட்டிருந்தேன்.

அதன் பிறகு வந்த மின் ஆய்வாளர், காற்றுவழி போதாத வடிவமைப்பே காரணம் என்று எழுதினார். அப்பா, "ஆமா, என் தப்புதான்" என்று ஒப்புக்கொண்டார். அவருடைய உரிமம் ரத்தாகும், வழக்கும் வரும் என்று அம்மா அழுதார்.

அன்று மாலை அத்தை ஒரு ஜாடி மிளகாய் விழுதுடன் வந்தார். "கவலைப்படாத ராஸ்த்கோ தம்பி. குறுக்குக்காத்து புகுந்து அந்தப் பெட்டி ராத்திரியெல்லாம் ஊளையிட்டுச்சு. பாவமேன்னு நான்தான் அளவெடுத்துப் பின்னி அடைச்சு வச்சேன். இல்லேன்னா இன்னும் மோசமாயிருக்கும்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, "நல்ல காரியம் பண்ணீங்கக்கா" என்று சொல்லி, விழுதை ரொட்டியில் தடவித் தின்றார்.

அத்தை போன பிறகு, துளையை அடைத்த கம்பளிதான் காரணம் என்று ஏன் யாரிடமும் சொல்லவில்லை என அப்பாவிடம் கேட்டேன். "இந்த ஊர்ல பெட்டி செய்யறவன் தீயை மட்டும் நெனச்சா போதாதும்மா. குறுக்குக்காத்துக்குப் பயப்படற ஜனங்களையும் நெனச்சிருக்கணும். அக்கா கைக்கு எட்டற இடத்துல துளை வச்சது யாரு?" என்றார்.

அதன் பிறகு பள்ளியில் எனக்குப் பாடம் ஏறவில்லை. இன்று காலை பள்ளிக்குப் போகாமல் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த பின்னலை ஊசியோடு கீழே வைத்தார். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "கெளம்புடி. உங்கம்மாவையும் கூப்பிடு. என் கம்பளிக்கு உங்கப்பன் எதுக்கு மாட்டணும்? பெரிய தியாகி" என்றார். அதன் பிறகு மூவரும் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தோம்.

அப்பாவின் மேசையிலிருந்து எடுத்து வந்த கம்பளியை ஒப்படைக்கிறேன். அத்தை கெடுதல் நினைத்து எதையும் செய்யவில்லை. கம்பளி கருகியதே தவிர எரியவில்லை, அது நல்ல கம்பளி என்று எழுதச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டதால் அதையும் சொல்கிறேன். அப்பாவின் பெட்டி தீயை வெளியே விடவில்லை என்று எழுதும்படி கேட்டுக்கொள்வது நான்.

இதை எழுதும்போது இந்த அறையின் கதவும் எதிரே ஜன்னலும் திறந்திருந்தன. ஜன்னலை எழுந்து போய் மூடியவர் திருமதி தெசாங்கா.

வாசித்துக் காட்டக் கேட்டேன். கண்டதையும் காதால் கேட்டதையும் தவிர வேறெதுவும் சொல்லவில்லை, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) துன்யா வுகிசெவிச்