திரும்பிப் போன மூன்று தபால்கள்

பெயர் ஃபராஸ், வயது இருபத்தேழு, தகப்பனார் உமர் ஃபாரூக், காலமானவர், தொழில் ஆட்டோ ஓட்டுவது, இருப்பு எண் 9, முக்தார் உசேன் சந்து, மயிலாப்பூர், சென்னை-4. 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காவல் நிலையத்தில் என்னை விசாரித்ததில் நான் கூறுவதாவது:

தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் 'காலமானவர்' என்று எழுதும்படி முதலில் கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு வார்த்தையை யாரும் எங்கேயும் எழுதாததால்தான் இவ்வளவும் வந்தது.

நான் மேற்படி முகவரியில் என் தாயார் ஜஹனாராவுடன் வசித்து வருகிறேன். நாங்கள் அத்தா என்று கூப்பிடும் என் தகப்பனாரும் ஆட்டோ ஓட்டியவர்தான். அவர் சென்ற ஆண்டு மார்ச்சு மாதம் லஸ் முனையில் சவாரியை இறக்கிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் போய்ப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் ஜனாஸா தொழுகை நடந்தது. தொழுகை தொடங்கும் முன், இறந்தவரின் கொடுக்கல் வாங்கலை வாரிசு ஏற்றுக்கொள்வதாக எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வது எங்களில் வழக்கம். கடன் தீராமல் போனவருடைய ரூஹு, அதாவது ஆன்மா, போய்ச் சேராமல் தொங்கிக்கொண்டிருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. அதன்படி நான் முன்னால் நின்று, "எங்க அத்தா யாருக்காவது பாக்கி வெச்சிருந்தா தயவுசெஞ்சு என்கிட்ட வாங்க, இனிமே அது என் கடன்" என்று சொன்னேன். அப்போது முதல் வரிசையில் அத்தாவின் சிநேகிதர் கோட்டூர்புரம் ஷாஹுல் ஹமீது நின்றிருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். துக்கத்தில் குனிகிறார் என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஒரு வாரத்துக்குள் டீக்கடைக்காரர், பங்க்சர் கடைக்காரர், ஒரு பழைய டயர் வியாபாரி ஆகியோர் வந்தார்கள். எல்லோருக்கும் கொடுத்து முடித்தேன். டீக்கடைக்காரர் வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டார். சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன். வேறு யாரும் வரவில்லை.

என் தாயார் அத்தா இறந்த அன்று முதல் இத்தாவில் இருந்தார். கணவன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருப்பதற்கு இத்தா என்று பெயர். பகலில் நான் வண்டியோடு போய்விட்டால் அவர் தனியாகத்தான் இருப்பார். "யார் வந்தாலும் ரெஸ்பான்ஸ் பண்ணாதம்மா, எதுவும் வாங்காத, நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொன்னது நான்தான். வாசலுக்குப் பச்சைத் துணியில் திரை கட்டிக் கொடுத்ததும் நான்தான்.

அந்த நாட்களில் ஒரு மாலை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தாயார், "யாரோ புதுசா ஒரு தபால்காரர் அத்தா பேரு போட்டு ரிஜிஸ்தர் எடுத்துக்கினு வந்தாருப்பா. கையெழுத்து போடச் சொன்னாரு. வேணாம், எடுத்துக்கினு போயிடுங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். நான் "சரிம்மா" என்று சொல்லி ரசம் கேட்டேன். யார் அனுப்பியது, என்ன என்று கேட்கவில்லை. அத்தா இறந்துவிட்டார் என்று அந்த ஆளிடம் சொன்னாயா என்றும் கேட்கவில்லை. தாயார் சொல்லியிருக்க மாட்டார். அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்லி நான் இன்றுவரை கேட்டதில்லை. அத்தா 'இருந்தப்போ' என்பார், அதோடு நிறுத்திக்கொள்வார். எங்களுக்குப் பழக்கமான தபால்காரராக இருந்தால் அவரே கவர்மேல் இறந்துவிட்டார் என்று எழுதி அனுப்பியிருப்பார். இவர் புதிது.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு தபால்கள் வந்தது எனக்குத் தெரியாது. தாயாரும் அதை ஒரு பெரிய விஷயமாக நினைத்துச் சொல்லவில்லை.

அதன் பிறகு இத்தா முடிந்தது. நான் அத்தாவின் வண்டியையே ஓட்டி வந்தேன். ஆர்.சி. புத்தகம் அவர் பெயரிலேயே இருந்தது. மாற்ற வேண்டும் என்று தெரியும். அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதுவதைப் போய் நின்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். தாயார் தினமும் அந்தி நேர மஃரிப் தொழுகை முடித்த கையோடு, "அத்தாவுக்கு எங்கயும் ஒண்ணும் பாக்கி இல்லையே?" என்று கேட்பார். நான் "ஒண்ணும் இல்லம்மா" என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் சாப்பிட உட்காருவார். ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது.

இப்படியிருக்க, நேற்றுக் காலை நான் லஸ் ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருந்தபோது, நீதிமன்ற அமீனா ஒருவரும் தி.நகரில் உள்ள ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் வசூல் ஆளும் வந்து வண்டியின் எண்ணைச் சரிபார்த்தார்கள். ஷாஹுல் ஹமீது வாங்கிய கடனுக்கு என் அத்தா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பதாகவும், கடன் கட்டப்படாமல் அத்தாமேல் தீர்ப்பாகிவிட்டதாகவும், வண்டியை ஜப்தி செய்ய வந்திருப்பதாகவும் அமீனா சொன்னார். என் அத்தா அப்படிக் கையெழுத்துப் போடக்கூடியவர்தான். "கையெழுத்தத்தானே கேக்கறான், கழுத்தையா கேக்கறான்" என்று எப்போதும் சொல்வார். கடைசியில் கழுத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஸ்டாண்டில் இருந்த அக்பர் பாஷா, "இன்னா சார் பேசினுகீற? அவரு மௌத்தாயி ஒண்ணரை வருசம் ஆவுது" என்றார். அதற்கு அமீனா, "பேப்பர்ல உயிரோடதான்பா கீறாரு. நான் இன்னா பண்ண?" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் உத்தரவைச் சத்தமாகப் படித்தார். அதில் பிரதிவாதி உமர் ஃபாரூக் வேண்டுமென்றே சம்மனை வாங்க மறுத்து, கடனைக் கட்டாமல் தட்டிக்கழித்து வருகிறார் என்று இருந்தது. ஸ்டாண்டில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். அத்தா எந்த இடத்தில் உயிர் விட்டாரோ அந்த இடத்தில் வைத்து அதைப் படித்தார்கள். எனக்குத் தாங்கவில்லை. எங்கள் வீட்டுக்கு எந்தத் தபாலும் வரவில்லை என்று நான் கத்தினேன்.

உடனே அமீனா பையிலிருந்து மூன்று கவர்களை எடுத்துக் காட்டினார். மூன்றின் மேலும் 'பெற மறுப்பு' என்று பேனாவால் எழுதி, தேதி போட்டிருந்தது. தேதிகளைப் பார்த்தேன். மூன்றும் தாயார் இத்தாவில் இருந்த நாட்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பச்சைத் திரையும் ரசம் கேட்டதும் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் எனக்கு யார்மேலும் கோபம் இல்லை என்பதைப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்போது வசூல் ஆள் சிரித்துக்கொண்டே, "ஊட்ல பொம்பளைய உட்டுத் திருப்பி அனுப்பறது பழைய டெக்னிக்கு. அந்தம்மாவக் கூண்டுல ஏத்திக் கேட்டா தெரிஞ்சிடப் போவுது" என்றார். அதைக் கேட்டதும் நான் அமீனா கையிலிருந்த உத்தரவையும் கவர்களையும் பிடுங்கிக் கிழித்தேன். வசூல் ஆளை அடிக்கப் போனேன். அமீனா குறுக்கே வந்தார், என் கை பட்டு அவருடைய மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. அவர்மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. அவருக்கு என் அத்தா வயதிருக்கும். கண்ணாடி இல்லாமல் தரையைத் தடவிக் காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து பொறுக்கிக் கொடுத்தேன். போலீசு வரும்வரை நான் ஓடவில்லை.

நேற்று இரவு ஷாஹுல் ஹமீது நிலையத்துக்கு வந்து, "நீ அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி அப்பிடிச் சொன்னப்போ, உங்க அத்தா ஜாமீன் போட்ட கடனே என்னோடதுதான்னு எப்பிட்றா சொல்லுவேன்? அப்புறமா சொல்லலாம், அப்புறமா சொல்லலாம்னு இருந்துட்டேன்டா" என்று அழுதார். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான், சொல்ல வாய் வரவில்லை. எனக்கும்தான் ஒன்றரை வருடமாக ஆர்.சி. புத்தகத்தை மாற்றக் கை வரவில்லை.

செத்தவர் என்று தெரியாமல் அவர்மேல் போட்ட தீர்ப்பு செல்லாது என்றும், ஒரு வக்கீலை வைத்தால் நான் எதுவும் கட்ட வேண்டியிருக்காது என்றும் உதவி ஆய்வாளர் ஐயா எடுத்துச் சொன்னார். அவர் என் நல்லதுக்குத்தான் சொன்னார். தீர்ப்பு செல்லாமல் போகட்டும். ஜனாஸாவில் நான் சொன்னது செல்லும். வண்டியை விற்றாவது கட்டிவிடுகிறேன். கிழித்ததற்கு என்ன தண்டனையோ அதையும் ஏற்றுக்கொள்கிறேன். அமீனாவுக்குக் கண்ணாடி வாங்கித் தருகிறேன்.

தபாலைத் திருப்பியது நான்தான் என்று எழுதிக்கொள்ளும்படி ஐயாவிடம் கேட்டேன். நடந்ததைத்தான் எழுத முடியும் என்றார். அதனால் நடந்ததைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் என் தாயாரை இந்த வழக்கில் சாட்சியாக அழைக்க வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கவர்களில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால், தன் புருஷனைப் போய்ச் சேரவிடாமல் வாசலில் நின்று மறித்தது தான்தான் என்று நினைத்துக்கொள்வார். அதன் பிறகு அவர் உயிரோடு இருக்க மாட்டார்.

இன்று காலை தாயார் டிபன் கேரியரோடு நிலையத்துக்கு வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஐயாவிடம், "எம் புள்ள இன்னா பண்ணான்? எங்க ஊட்டுக்காரரு கடன் ஏதாச்சும் பாக்கியாங்க?" என்று கேட்டார். ஐயா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "கடன்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஸ்டாண்டுல சின்னத் தகராறு, சாயங்காலம் வந்துருவான்" என்றார். தாயார் அல்ஹம்துலில்லாஹ் என்றார். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் இந்த நேரம்வரை அவர் வெளியே கதவை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

மேலே கண்டது யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நானாகச் சொன்னது. சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியதை எனக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி என்றார்கள். நான் கேட்டுக்கொண்டதன் பேரில் கதவைச் சாத்திவிட்டு, என் காதருகில் மெல்லிய குரலில் படித்துக் காட்டினார்கள். எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
உ. ஃபராஸ்