ஜன்னலோரம் வைத்த குழாய்கள்

எனக்குக் கண்ணாடி கிடையாது, ஐயா. ஐம்பத்தாறு வயதில் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிற ஆள் இந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருவன்தான்.

இருபத்தொன்பது வருடமாக இங்கே லேபில் முதுகுத்தண்டு நீரில் புற்றுநோய் செல்லைத் தேடிக் கண்டுபிடித்தது இந்தக் கண்தான். போன வருடம் மெஷினை இறக்கினார்கள். அந்த நீர் உள்ள குழாயை வைத்தால் செல்களை எண்ணி, சந்தேகம் இருந்தால் அதுவே சொல்லும். அது சொன்னால் மட்டும் நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் போதுமாம். "இனிமே உங்களுக்கு ரெஸ்ட்டுதான்" என்று பெரிய டாக்டர் தோளைத் தட்டிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெஷினைக் குறை சொல்ல மாட்டேன். முதல் மாதம் நான் கண்டதையெல்லாம் அதுவும் கண்டது.

அந்த நீருக்கு ஒரு குணம் உண்டு. உடம்பை விட்டு வெளியே வந்தால் அதிலுள்ள செல்கள் ரொம்ப நேரம் தாங்காது. வெயிலில் இன்னும் சீக்கிரம் உடைந்து போகும். இரண்டாம் மாதத்திலிருந்து, குழாய் வந்ததும் கொஞ்சம் எடுத்து ஸ்லைடு போட்டுப் பார்த்துக்கொள்வேன். கெட்ட செல் இருந்தால் ஸ்லைடு என் டிராயருக்கு, குழாய் ஜன்னலோரத்துக்கு. சாவகாசமாகச் சாப்பிட்டு வந்து மெஷினில் வைப்பேன். ஒன்றுமில்லை என்று சொல்லும். அதையே அனுப்புவேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றியதில்லை.

இப்படி மொத்தம் பதினொரு பேர். என்றாவது ஒரு டாக்டருக்குச் சந்தேகம் தட்டும், மாடி இறங்கி வந்து "நீங்க ஒரு தடவை பாருங்க" என்பார், டிராயரைத் திறந்து காட்டலாம் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. மெஷின் சொன்னது வேதவாக்கு. அப்படியானால் துரோகம் செய்தது யார், நானா?

உங்கள் விசாரணையில் அந்தத் தையல்காரம்மாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். மார்புப் புற்றுக்கட்டி எடுத்து இரண்டு வருடம் கழித்துத் தலைவலி என்று வந்தவள். நல்ல மனுஷி. ரிப்போர்ட்டோடு நேராக என் அறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, மெஷின்ல ஒண்ணுமில்லன்னு வந்திருக்கு. ஆனா எனக்கு ஊசி ரெண்டு ரெண்டா தெரியுது. நீங்க கண்ணால ஒரு தடவை பார்த்துச் சொல்லக்கூடாதா?"

அவளுடைய ஸ்லைடு அப்போது என் முழங்காலுக்கு நேரே, டிராயரில் இருந்தது.

"மெஷின் தப்பே பண்ணாதும்மா. நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்றேன். ஆறு வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கேட்டாள்தான், ஐயா. இல்லை என்று நான் சொல்லவில்லையே. ஆனால் என்னிடம் வந்து கேட்க வேண்டியவர்கள் டாக்டர்கள். அவள் வெறும் நோயாளி.